தேனீக்குப் பயந்த தையலக்கா

மூன்றாவது கேள்விக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

பெயர், வயது எல்லாம் மளமளவென்று எழுதியாகிவிட்டது. மூன்றாவதாக இப்படிக் கேட்டிருந்தார்கள்: தேனீ கொட்டி இதற்கு முன் மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்ததுண்டா? பக்கத்தில் ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். தையலக்கா சுற்றிலும் பார்த்தாள். தகரக் கூரை போட்ட கொட்டகையில் பதினோரு பேர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் மூன்றாவது கேள்வியில் நிற்கவில்லை.

"என்னக்கா, பரீட்சை மாதிரி யோசிக்கிறீங்க? காலேஜுக்கா போறோம்?" என்றாள் பக்கத்தில் இருந்த பேக்கரிக்காரம்மா.

தையலக்கா இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அந்த டிக் கட்டத்தைத் தாண்டி வெளியே ஓடியது.

அவளுக்கு மயக்கம் வந்தது உண்டு. ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்துக் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது வலது காதில் ஒரு தேனீ கொட்டியது. முகம் பூசணிக்காயாக வீங்கி, கண் இரண்டும் மூடிப்போய், நின்ற இடத்திலேயே சரிந்தாள். கண் விழித்தபோது வாத்தியார் மேஜைமேல் கிடந்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா அப்படி அடித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அம்மாவையும் சேர்த்து அந்த வீட்டில் மூன்று பெண்கள். மூத்தவளுடைய வீட்டுக்காரர் மின்கம்பத்தில் ஏறுகிற வேலை பார்த்தவர். ஒருநாள் கம்பத்தின் உச்சியில் இருந்த காட்டுத்தேனீக் கூட்டை அவர் கவனிக்கவில்லை. இறக்கித் தரையில் கிடத்தும்போது உயிர் இல்லை. அன்றிலிருந்து அந்த மூன்று சகோதரிகள் வீட்டிலும் தேன் வாங்குவதில்லை. மருந்தில் குழைத்துக் கொடுக்கக்கூட வாங்குவதில்லை. பிள்ளைகளுக்கு இருமல் வந்தால் வெறும் வெந்நீர்தான்.

"இவ பெரியப்பா ரத்தம் இவளுக்கும் வந்திருக்கு. இன்னொரு தடவை கொட்டிச்சுன்னா பொழைக்க மாட்டா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். பெரியம்மாவைக் கட்டியவரின் ரத்தம் இவள் உடம்பில் எந்த வழியாக வரும் என்று அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் சொந்தத்தில் எடுத்த மாப்பிள்ளைகூட இல்லை. ஆனால் வீங்கின முகத்தை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அது போதுமாயிருந்தது. அதற்கப்புறம் முப்பத்தேழு வருஷம் தையலக்கா பூச்செடிப் பக்கம் போனதில்லை. பழக்கடையில் ஈ மொய்த்தால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் ஏன் இங்கே வந்து உட்கார்ந்தாள் என்றால், உட்கார வேறு இடம் இல்லாமல் போனதால்தான். புருஷன் இன்னொரு குடும்பம் கட்டிக்கொண்டு போய் எட்டு வருஷம். அண்ணன் வீட்டுச் சாமான் அறையில் ஒரு தையல் மிஷின், ஒரு கட்டில், பத்தாவது படிக்கிற மகள். வேலை பார்த்த தையல் கடையை முதலாளி மூடிவிட்டார். அண்ணி கெட்டவள் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். "இந்த வீட்ல எனக்குன்னு ஒரு அறை இருந்துச்சு, அது எந்த வருஷம்னு மறந்துபோச்சு" என்பாள், சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்புத்தான் தையலக்காவுக்குத் தொண்டையில் நிற்கும்.

தேனீ வளர்ப்புப் பயிற்சி மூன்று மாதம். கடைசியில் ஒரு தேர்வு. யார் துணையும் இல்லாமல் ஒரு தேனீப் பெட்டியைத் திறந்து, ராணித் தேனீயைக் கண்டுபிடித்துக் காட்டி, ஒழுங்காக மூட வேண்டும். தேறினவர்களுக்குத் தேனீயோடு பத்துப் பெட்டியும், அதை வைக்க ஒரு பழத்தோட்டத்தில் மூலையும் கிடைக்கும். அது கிடைத்தால் மகளோடு தனி வீடு பார்த்துப் போய்விடலாம். ஆம் என்று டிக் போட்டிருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள். இல்லை என்று போட்டாயிற்று. இனி ஒரே ஒரு ஈ கொட்டினால் என்ன ஆகும் என்பதுதான் தெரியாது.

பயிற்சி கொடுத்தவர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். முன்னே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை, பேச்சும் போகவில்லை. பெட்டி வாசலில் ஈ கூடி நின்றால், "வழியில நிக்காதம்மா, உள்ள போ, உள்ள எடமிருக்கு" என்பார்.

முதல் மாதம் கண்டக்டர் சொன்னதெல்லாம் தையலக்காவுக்குக் கல்லில் எழுதின மாதிரி மனசில் நின்றது. பெட்டிக்கு முன்னால் நிற்கக்கூடாது, அது அவை போய்வரும் பாதை. பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். ஈ மேல் மூச்சு விடக்கூடாது. வாசனை எண்ணெய், சென்ட் எதுவும் ஆகாது. புகை போடும் குடுவையில் பழைய சாக்கும் காய்ந்த சருகும் போட்டுப் பற்றவைத்து, வருகிற புகையை முதலில் தன் மணிக்கட்டில் ஊதிப் பார்க்க வேண்டும். தனக்குச் சுட்டால் ஈக்கும் சுடும். வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வரவே கூடாது.

"ஏன் தம்பி, அதுக்கு வாழைப்பழம் பிடிக்காதா?" என்று கேட்டாள் பேக்கரிக்காரம்மா.

"ஒரு ஈ கொட்டும்போது ஒரு வாடை விடும்க்கா. 'எல்லாரும் வாங்க, இங்கதான் கொட்டணும்'னு மத்ததுக்குச் சொல்ற வாடை. அது அச்சு அசலா வாழைப்பழம் மாதிரியே இருக்கும். நீங்க சீப்பு சீப்பா தின்னுட்டு வந்து நின்னா, நீங்களே கூப்பிட்ட மாதிரி ஆயிடும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மேஜைமேல் இருந்த வாழைப்பழத்தை எல்லாம் தையலக்கா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

"என்னடி இது, என் வீட்டுப் பழம் உன்னை என்ன பண்ணுச்சு?" என்று அண்ணி கத்தினாள். தையலக்கா சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்லாம் மனப்பாடம். ஆனால் பெட்டி பக்கத்தில் போவதில்லை. மற்றவர்கள் பெட்டிக்குள் நிற்கும் மரச்சட்டத்தைத் தூக்கி அதில் கட்டியிருக்கும் தேனடையைப் பார்க்கும்போது அவள் பத்தடி தள்ளி நின்று, எது முட்டை, எது புழு, எது மெழுகால் மூடின அறை என்று சரியாகச் சொல்வாள். ஒரு மாதம் பார்த்துப் பொறுமை போய்க் கண்டக்டர் கேட்டேவிட்டார்.

"அக்கா, டிக்கெட் எடுத்துட்டுப் படியிலேயே நிக்கிறீங்க. வண்டி கிளம்பிடும். உள்ள ஏறுங்க."

மறுநாள் அவளையே சட்டத்தைத் தொட வைத்தார். தையலக்கா கையுறைக்கு மேல் கையுறையாக இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு வந்தாள். சட்டத்தைப் பிடித்துத் தூக்கியபோது விரலுக்கு அடியில் ஏதோ நொறுங்கியது தெரிந்தது. அடுத்த நொடி மூக்கில் வாழைப்பழ வாடை. பெட்டிக்குள் இருந்த இரைச்சல் ஒரு சுதி ஏறியது. இரண்டு, நான்கு, பத்து ஈ அவள் கையுறையில் வந்து மோதின. சட்டத்தைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள், கண்டக்டர் தன் கையை அவள் கைக்கடியில் கொடுத்து மெதுவாக இறக்கி வைத்தார்.

"தடிமன் கையுறைல விரலுக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. உங்க பயம்தான் அதை நசுக்குது, நசுங்கினது மத்ததைக் கூப்பிடுது."

அந்தப் பேச்சு அவளை உறுத்தியது. துணியில் ஒரு நூல் தூக்கியிருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்கிற விரல் அவளுடையது. அந்த வாரமே மிஷினில் உட்கார்ந்து மெல்லிய துணியில் ஒரு கையுறை தைத்தாள். கையோடு வெள்ளைத் துணியில் மேல்சட்டையும் தைத்தாள். முகவலையை அதோடு சேர்த்தே தைத்துவிட்டாள். எந்த இடுக்கிலும் ஊசிமுனை போகாது. இரட்டைத் தையல், மடிப்புத் தையல். முன்பக்கம் ஜிப் வைத்தால் பல்லுக்கு நடுவே ஈ புகுந்துவிடும் என்று, திறப்பை முதுகில் வைத்து இருபத்திரண்டு கொக்கி போட்டாள்.

"ஏம்மா, இதைப் போட்டுக்கிட்டு தும்மல் வந்தா என்ன பண்ணுவே?" என்றாள் மகள்.

"அடக்கிக்குவேன்."

"பாத்ரூம் வந்தா?"

"அதையும்தான்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குக் குழாயடிக் கதை தெரியாது. அம்மா தினமும் காலையில் கிளம்பும்போது, அண்ணன் போன் நம்பர் எழுதின ஒரு துண்டுச்சீட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போவதும் தெரியாது. யாராவது தூக்கிக்கொண்டு போனால் எங்கே சொல்லி அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா, அதற்காக.

அந்தச் சட்டை வந்தபின் தையலக்கா ஆளே மாறிப்போனாள். பயம் போகவில்லை. ஆனால் கை நின்றது. சட்டையில் கை தைத்ததைப் பிரித்து எடுக்கிற மாதிரி, பக்கத்தில் உரசாமல் நேராக மேலே சட்டத்தை எடுத்தாள். வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, அறைக்குள் நூல் நுனி மாதிரி நிற்கிற முட்டையைக் கண்டாள். ராணியை மற்றவர்கள் அரைமணி தேடுவார்கள். அவள், ஈக்கள் எந்தப் பக்கம் முகம் திருப்பி வழிவிடுகின்றன என்று பார்த்து இரண்டாவது சட்டத்திலேயே காட்டிவிடுவாள்.

"இது கண்ணா, இல்ல கேமராவா?" என்றார் கண்டக்டர். பேக்கரிக்காரம்மா தனக்கும் அதேபோல் சட்டை கேட்டாள். "கொக்கி மட்டும் வேண்டாம்க்கா. என் முதுகுக்கு இருபத்திரண்டு பத்தாது."

தேர்வு ஒரு புதன்கிழமை காலை. முந்தின நாள் எல்லாரும் தேன் எடுத்திருந்தார்கள். சட்டையெல்லாம் பிசுபிசுத்துப் போயிருந்தது. தையலக்கா தன் சட்டையை அங்கேயே அலசி, தேன் எடுக்கும் கொட்டகைக்குப் பின்னால் கொடியில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். காலையில் எடுத்து உதறாமல் மாட்டிக்கொண்டாள். அவசரம். அவள் முறை முதலில் வந்துவிட்டது. பேக்கரிக்காரம்மா பின்னால் நின்று, "மூச்சை இழுங்கக்கா, பதினெட்டு... பத்தொன்பது..." என்று ஒவ்வொரு கொக்கியாகப் போட்டு முடித்தாள்.

புகை ஊதினாள். மூடியை எடுத்தாள். முதல் சட்டம், இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் ராணி இருந்தாள், நீண்ட வயிறும் குட்டைச் சிறகுமாக. "இதோ தம்பி" என்று சட்டத்தைத் திருப்பிக் காட்டினாள். கண்டக்டர் தலையாட்டித் தன் தாளில் எழுதினார்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து வருகிற பொதுவான இரைச்சல் இல்லை. தனி ஒன்று. வலது காதுக்குப் பக்கத்தில், வலைக்கு உள்பக்கம்.

சட்டையின் மடிப்பில் இரவெல்லாம் கிடந்த ஈ, சூட்டில் விழித்து எழுந்திருக்கிறது. வெளியே போக வழி தேடி வலையில் ஊர்கிறது. வழி ஏது? வழி இல்லாமல் தைத்தது அவள்தானே.

தையலக்கா அசையாமல் நின்றாள். கையில் ராணியோடு சட்டம். போட்டால் ராணி செத்தாள், பெட்டியே போச்சு. முதுகில் இருபத்திரண்டு கொக்கி, தன் கைக்கு ஒன்றுகூட எட்டாது.

"என்னக்கா, ஏன் அப்படியே நிக்கிறீங்க? சட்டத்தை வச்சு மூடுங்க" என்றார் கண்டக்டர்.

"உள்ள ஒண்ணு இருக்கு தம்பி."

"ஒண்ணுதானே? கொட்டினா கொட்டிட்டுப் போகுது. ஒண்ணு வாங்காம தேர்வு எழுதினவங்க யாரும் இல்ல."

"தம்பி... பாரத்துல நான் பொய் எழுதிட்டேன். எனக்கு மயக்கம் வந்திருக்கு. சின்ன வயசுல. கொட்டினா நான் செத்துருவேன் தம்பி."

கண்டக்டரின் முகத்திலிருந்த சிரிப்பு துடைத்துவிட்ட மாதிரி போனது. "மொதல்ல சட்டத்தை இறக்குங்க. மெதுவா. பார்த்துக்கிட்டே இருங்க, காதை மறந்துடுங்க" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். அவள் சட்டத்தை இறக்கினாள். ஒரு ஈகூட நசுங்காமல் இறக்கினாள், அதை அப்புறம் கண்டக்டரே பல பேரிடம் சொன்னார். பின்னால் அவர் விரல் கொக்கியோடு மல்லுக்கட்டியது. மூன்று கழன்றது. நான்காவது கழலவில்லை.

"கிழிங்க தம்பி. கிழிச்சிடுங்க."

பெட்டி நெம்பும் கம்பியை உள்ளே விட்டு அவர் இழுத்தார். இரட்டைத் தையல் அவ்வளவு சீக்கிரம் விடுமா? அது பிரியும் சத்தமும் கழுத்தில் சுரீர் என்று இறங்கியதும் ஒன்றாகவே நடந்தன.

கண்டக்டரின் மோட்டார் சைக்கிளில் நடுவில் அவளை உட்காரவைத்து, பின்னால் பேக்கரிக்காரம்மா கட்டிப் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உதடு தடித்துவிட்டது. கையெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்தது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி மூச்சு பாதியில் நின்றது. ரவிக்கைக்குள் இருந்த சீட்டை எடுத்துப் பேக்கரிக்காரம்மாவிடம் கொடுக்க மட்டும் கை போயிற்று. தொடையில் ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் மூச்சு தடையில்லாமல் வந்தது. சாயங்காலம் வரை கட்டிலை விட்டு இறங்க விடவில்லை.

மகள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணிதான் வாசலிலிருந்தே ஆரம்பித்தாள்.

"செத்துத் தொலைஞ்சிருந்தா நான் யார்கிட்டடி சண்டை போடுறது? உங்க அண்ணன்கிட்டயா? அந்த மனுஷன் சண்டை போட்டாலும் தூங்கிடுவாரு."

"அண்ணி, எனக்குத் தனியா ஒரு வீடு..."

"வாயை மூடு. நான் சிரிச்சுக்கிட்டே சொன்னதை எல்லாம் நீ எண்ணி எண்ணி மூட்டை கட்டினியா?"

டாக்டரம்மா குழாயடிக் கதையை முழுசாகக் கேட்டார். பெரியப்பா கதையையும் கேட்டார். "அவர் உங்களுக்கு ரத்த சொந்தமே இல்லையே" என்றார். அண்ணியும் தையலக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆனா உங்க உடம்புக்கு இது ஆகாதுங்கிறது நிஜம். விட்டுடுங்கன்னுதான் சொல்வேன்."

தையலக்கா தரையைப் பார்த்தாள். "கை பழகிடுச்சும்மா" என்றாள்.

டாக்டரம்மா வெகுநேரம் எழுதினார். தனியாகப் பெட்டிகிட்டப் போகவே கூடாது. ஊசி மருந்து கையோடு இருக்க வேண்டும். கூட இருப்பவருக்கு ஊசி போடத் தெரிய வேண்டும். போட்டதும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். கண்டக்டர் அதைப் படித்துவிட்டு, முதலில் முடியாது என்றார். "ராணியைக் காட்டினீங்க, சட்டத்தை இறக்கினீங்க, அதெல்லாம் பாஸ். என்கிட்ட மறைச்சீங்களே, அதுக்குத்தான் ஃபெயில்." ஒரு மாதம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவளை மறுபடி வரச்சொல்லி, கூட நிற்க யார் வருவார்கள் என்று கேட்டார்.

"நான் வர்றேன்" என்றாள் அண்ணி. ஊசி போட அவளும் மகளும் நர்ஸிடம் பழகினார்கள். ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்தி, வீட்டில் ஒரு பழமும் சாப்பிட மிச்சமில்லை.

இப்படித்தான் ஃபெயில் பாஸாகி, பத்துப் பெட்டி வந்தது. பழத்தோட்டத்து மூலையில் பெட்டிகள். நாற்பதடி தள்ளி, பிளாஸ்டிக் ஸ்டூலில் அண்ணி, மடியில் ஊசி டப்பா. பெரியப்பா கதை கேட்டே அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அவள். ஈ என்றால் தையலக்காவைவிட அவளுக்குத்தான் நடுக்கம். ஸ்டூலை விட்டு ஓரடி முன்னால் வரமாட்டாள். அங்கிருந்தே நிமிஷத்துக்கு ஒருதரம் குரல் கொடுப்பாள்.

"இருக்கியாடி?"

"இருக்கேன் அண்ணி."

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதலில் அம்மாவின் கழுத்தையும் உதட்டையும்தான் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் பையை இறக்குவாள். தையலக்காவின் பயம் மூன்று பேருக்குமாகப் பங்கு பிரிந்துவிட்டது. ஆனால் ஒருத்தருக்கும் குறைந்தபாடில்லை.

ஆறாவது வாரம், ஆறாவது பெட்டி. சட்டத்தைத் தூக்கிய தையலக்காவின் கட்டைவிரல்மேல் ராணி ஏறிவிட்டாள். மெல்லிய துணிக்கு மேல் அந்தக் கால்கள் நடப்பது தெரிந்தது. கையை ஆட்டினால் புல்லில் விழுவாள். வாய் திறந்து மூச்சு விட்டால் பறந்தாலும் பறப்பாள். தையலக்கா சிலையாக நின்றாள்.

"இருக்கியாடி?"

பதில் இல்லை.

"அடியே! இருக்கியா?"

ராணி விரல் நுனிவரை போய்த் திரும்பினாள். தையலக்கா மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஸ்டூல் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. செருப்புகூட இல்லாமல், முகவலை இல்லாமல், ஊசியைக் கத்தி மாதிரி ஓங்கிக்கொண்டு அண்ணி ஓடி வந்து, எந்த இடத்தில் நிற்கவே கூடாதோ, பெட்டி வாசலுக்கு நேரே, அங்கே வந்து நின்றாள்.

"அண்ணி, தள்ளுங்க!"

ராணி சட்டத்தில் இறங்கியதும் தையலக்கா கத்தியதும் அண்ணியின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்ததும் ஒரே நேரம்தான்.

"ஐயோ அம்மா!"

தையலக்கா சட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அண்ணியைத் தோளோடு பிடித்து மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொடுக்கை நகத்தால் வழித்துத் தள்ளினாள். அண்ணியின் மூக்கு தக்காளியாகச் சிவந்தது. இதற்கு முன் அண்ணியைக் கொட்டியதே இல்லை. இந்த உடம்புக்கு ஆகுமா ஆகாதா என்று யாருக்குத் தெரியும்? தையலக்காவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தனக்குக் கொட்டியபோதுகூட இப்படி அடிக்கவில்லை.

"மூச்சு வருதா அண்ணி? உதட்டைக் காட்டுங்க. கையைக் காட்டுங்க. தொண்டை அடைக்குதா?"

"அடைக்குது."

"ஐயோ, எப்படி?"

"உன்மேல இருக்கிற கோபத்துல அடைக்குது. கூப்பிட்டா பதில் சொல்லத் தெரியாதா? நான் நீ போயிட்டேன்னு நெனச்சு..." ஊசி இன்னும் அண்ணி கையிலேயே இருந்தது. தையலக்கா அதை மெல்ல வாங்கி மூடி போட்டாள்.

அரைமணி நேரம் இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து அந்த மூக்கைக் காவல் காத்தார்கள். மூக்கு பெருத்தது. வேறொன்றும் நடக்கவில்லை. உதடு உதடாகவே இருந்தது. கையில் ஒரு திட்டும் இல்லை.

"பெட்டி திறந்து கிடக்குடி" என்றாள் அண்ணி கடைசியில். "வெயில் ஏறுது. குஞ்சு வெந்துடும்னு அந்தக் கண்டக்டர் சொல்லலை? போய் மூடு."

தையலக்கா எழுந்தாள். பத்தடி போய் நின்று திரும்பிப் பார்த்தாள். அண்ணி மூச்சு விடுகிறாளா என்று அங்கிருந்தே கவனித்தாள். இன்னும் பத்தடி போய் மறுபடி திரும்பினாள்.

"என்னையே பார்த்துக்கிட்டு அங்க கையை விடாதே! பெட்டியைப் பாரு" என்று அண்ணி அதட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

தையலக்கா பெட்டிக்குப் பக்கவாட்டில் போய் நின்றாள். மூடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு ஈயும் நசுங்காதபடி மெதுவாக இறக்கினாள்.